கன்றெடுக்கும் கை

“செத்த பசுவை சைக்கிள் பம்பால காத்தடிச்சு எழுப்பின மகராசி வந்திருக்காங்க. எந்திரிச்சு நில்லுங்க, கேப்டன்” என்றான் சகின்பேக், கதவைத் தள்ளித் திறந்துகொண்டே.

கேப்டன் தாலாய் எழவில்லை. சாரி-குங்கோய் கிராமத்து மருத்துவ நிலையத்தில் கால் ஆடாத நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தில் வினிகரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பசுக் கதை அவருக்குப் புதிதும் இல்லை. நரின் ஆற்றின் இரு கரையிலும் அதைக் கேட்காத காது கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அது ஒரு சாண் வளரும். ஆரம்பத்தில் பசு எழுந்து நின்றது, அவ்வளவுதான். பிறகு நடந்தது. போன வருஷம் சகின்பேக் சொன்னபோது, தன் தோலை உரிக்கக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவனை ஒரு உதை விட்டு, மூன்று மலை தாண்டிப் போய்ப் புல் மேய்ந்திருந்தது.

“அடுத்த வருஷம் அது தேர்தல்ல நிக்கும்” என்றார் தாலாய், நூடுல்ஸை உறிஞ்சியபடி. அதே கதையை அவர் வீட்டிலும் ஒருத்தி ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கேயும் அவர் நம்பியதில்லை. அதை இந்த வாயாடியிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சகின்பேக்கின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜிபார் அக்கா வெளிப்பட்டாள். கூட்டுப்பண்ணை இருந்தவரை நாற்பது வருஷம் அதன் கால்நடை மருத்துவர். பண்ணை போனது, மாடு போனது, சம்பளம் போனது; மூக்கு மட்டும் போகவில்லை. ஆடு திருடியவனின் பூட்ஸை மோந்தே எந்தப் பட்டி, எந்த ஆடு, கிடாயா பெட்டையா என்று சொல்லிவிடுவாளாம். களவு போன குதிரைகள் அவள் தேடி வருகிறாள் என்று கேள்விப்பட்டால் தாமாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு வீடு திரும்புமாம். சகின்பேக் அந்தக் காலத்து டிராக்டர் ஓட்டி. இப்போது அவளுடைய ஜீப்பை ஓட்டுகிறான். அவள் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் பேசுகிறான். அது ஜீப்பைவிடப் பெரிய வேலை.

அவளை வரவழைத்தது இங்கே வேலை பார்க்கும் செவிலி. டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். இன்று வெள்ளி.

விவகாரம் சுருக்கமானது. உள்ளறைக் கட்டிலில் ஊல்கான் என்ற விதவை மூன்று நாளாகப் புத்தி தடுமாறிக் கிடக்கிறாள். முதலில் தாகம், கெட்டில் கெட்டிலாகத் தேநீர் குடித்தாள். பிறகு மலச்சிக்கல், வாந்தி. பிறகு செத்துப்போன புருஷனோடு சத்தம் போட்டுச் சண்டை. இப்போது சண்டையும் இல்லை, வெறும் முனகல். அவளுடைய மருமகள் பெர்மெத், விஷம் வைத்தாள் என்ற குற்றத்துக்காக, பக்கத்து மருந்தறையில் பூட்டப்பட்டிருக்கிறாள். காவல் சாவடியின் கூரை போன குளிர்காலப் பனியில் இறங்கிவிட்டதால் அந்த ஏற்பாடு. நாலு மணிக்கு நகரத்திலிருந்து சிறை வண்டி வரும். வண்டியில் ஏறிவிட்டால் விசாரணை முடிய ஆறு மாதமாவது ஆகும். அந்த ஆறு மாதத்தில் ஒரு மருமகளின் பெயர் என்ன கதியாகும் என்பதை எந்த நீதிபதியாலும் திருப்பி எழுத முடியாது.

மணி அப்போது ஒன்றரை.

தாலாய் தன்னிடமுள்ள மூன்றையும் மேசையில் வைத்தார். ஒன்று, கண்ணால் கண்ட சாட்சி: ஊல்கானின் மகள் சோனுன். தேநீர்க் கிண்ணத்தின் மேல் அண்ணியின் கை விரல் குவித்து நின்றதை அவள் பார்த்திருக்கிறாள், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. இரண்டு, பெர்மெத்தின் கோட்டுப் பையிலிருந்து எடுத்த ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். மூன்று, அவளே வாய் திறந்து கொடுத்த வாக்குமூலம். அதை மட்டும் கேப்டன் படித்துக் காட்டினார், கொஞ்சம் ராகத்தோடு.

“‘எனக்கு வெள்ளை வேணும். வெள்ளை இல்லாட்டி என் கை என் பேச்சைக் கேக்காது. அத்தை பெட்டியிலருந்து வெள்ளையை எடுத்துடலாமான்னு ஒரு நாள் நினைச்சேன்.’ புரியுதா அக்கா? போதைக்காரி. புருஷன் ரஷ்யாவுல கல்லு மண்ணு சுமக்கிறான். இவ இங்க வெள்ளை தின்னுறா. மாமியார் கண்டுபிடிச்சிருப்பா. முடிச்சுட்டா.”

“வெள்ளைன்னா என்னன்னு கேட்டியா, தம்பி?”

“கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் அவ மாமனார் போரோன்பாய் அண்ணனோட சித்தப்பா மகன். அவளுக்குச் சின்ன மாமனார் முறை. என் முகத்தையே பாக்க மாட்டா.”

“வெக்கப்படுற கொலைகாரி” என்றான் சகின்பேக். “எழுதிக்குங்க கேப்டன், அபூர்வமான சாதி.”

ஜிபார் அக்கா உள்ளறைக்குப் போனாள். சோனுன் கட்டிலோரம் உட்கார்ந்து, தாயின் உதட்டைப் பிரித்துக் கரண்டியால் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் உறக்கமில்லாத கண்கள். வாசலில் ஆள் நிழல் விழுந்ததுமே, அந்த விஷக்காரியை இன்னும் ஏன் வண்டியேற்றவில்லை என்றாள். அக்கா, அண்ணியின் கை எப்படி இருந்தது, அப்படியே செய்து காட்டு என்றாள்.

சோனுன் கரண்டியை வைத்துவிட்டுச் செய்து காட்டினாள். மணிக்கட்டு தொங்கியது. நாலு விரலும் விறைப்பாக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்தன. கட்டைவிரல் அவற்றுக்கு அடியில் உள்ளே மடங்கியது.

“சரியாப் பாத்தியா? கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா?”

“உள்ளே. நாலு தடவையும் உள்ளே. நான் குருடியா?”

இல்லை என்று அக்கா ஒப்புக்கொண்டாள். இந்த ஊரிலேயே நல்ல கண் உன்னுடையதுதான் என்றும் சொன்னாள். பிறகு தாலாயிடம் திரும்பி, உன் தேநீருக்கு உப்புப் போட்டுக்கொள் என்றாள். நரின் பக்கத்தில் பால் தேநீருக்கு உப்புப் போடாதவன் மனிதனே இல்லை. தாலாய் பழக்கத்தில் மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக் கிண்ணத்தில் உதிர்த்தார்.

“இப்ப சோனுன் காட்டின மாதிரி கையை வச்சுக்கிட்டுப் போடு.”

தாலாய் முயன்றார். கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டால் உப்பை எடுக்கவே முடியவில்லை. பிடிவாதமாக விரல் நுனிகளுக்கிடையே நாலு கல்லைச் செருகினார். தேய்க்க விரல் இல்லாததால் அவை விழவில்லை. கையை உதறினார். உப்பு சகின்பேக்கின் கண்ணுக்குப் போனது.

“கொலை முயற்சி” என்றான் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சாட்சி நானே.”

அந்தக் கையால் விஷமும் வைக்க முடியாது, வெண்ணெயும் தடவ முடியாது என்றாள் ஜிபார் அக்கா. இந்த உலகத்தில் அந்தக் கையால் ஆகிற காரியம் ஒன்றே ஒன்று. தலை திரும்பிப்போன கன்றை எடுக்க மாட்டின் கருப்பைக்குள் கையை விடுகிறவர்கள், நுழைகிற நேரத்தில் விரலை இப்படித்தான் குவிப்பார்கள். அவள் நாற்பது வருஷம் குவித்த கை.

“பிரசவம் பாக்கத் தெரியாத பொண்ணுக்கு, தேநீர் கொடுக்கும்போது எதுக்கு இந்தக் கை வருது?” என்றாள்.

தாலாய்க்குக் கேள்வி பிடிக்கவில்லை. கையை விட்டுத் தூளுக்குத் தாவினார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். ஜிபார் அக்கா அவருடைய சாப்பாட்டு மேசையிலிருந்தே வினிகரை எடுத்து நாலு சொட்டு விட்டாள். தூள் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. தாலாய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா. விஷம்.”

சகின்பேக் பொட்டலத்தில் மிச்சமிருந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கேப்டன் தடுக்கக் கை நீட்டியபோது அவன் கண்ணை மூடிச் சுவைத்துக்கொண்டிருந்தான். “தொழுவத்துச் சுவர்” என்றான். “தெற்குப் பக்கம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அடிச்ச வெள்ளை. மாட்டு மூத்திர வாசனை லேசா இருக்கு.”

செவிலியும் அதையே சொன்னாள். பெர்மெத்தின் தொழுவச் சுவரில், நின்றால் வாய் எட்டும் உயரத்தில், வாசல் அகலத்துக்கு வெள்ளை இல்லை. மண் தெரிகிறது. ஆடு நக்கியதென்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவ்வளவு உயரமான ஆடு இந்த ஊரில் யாரிடமும் இல்லை.

மணி இரண்டரை ஆனது.

மருந்தறையைத் திறந்தபோது பெர்மெத் எழுந்து, சின்ன மாமனாரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி இடுப்பு வரை குனிந்தாள். கையில் விலங்கு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். உதட்டோரம் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. ஜிபார் அக்கா அவள் கழுத்துத் துணியை விலக்கினாள். தொண்டைக் குழிக்கு மேல், காதுக்குக் காது போகிற மாதிரி, மெல்லிய தழும்பு. இந்த மலைப் பக்கத்துக் கழலை. ஒன்றரை வருஷத்துக்கு முன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அறுத்தெடுத்தார்களாம்.

அக்கா இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கேட்டாள். செவிலி எடுத்து வந்தாள். கைப்பட்டை இருந்தது, காற்றடிக்கும் ரப்பர் உருண்டை, சோவியத் யூனியன் உடைந்த அதே வருஷம் தானும் உடைந்துவிட்டதாம்.

சகின்பேக் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாழ்நாளில் அது இரண்டாவது தடவையாக இருக்கும். ஜீப்புக்குப் போய், பச்சைப் பெயிண்ட் உரிந்த சைக்கிள் பம்பு ஒன்றை, அரசன் செங்கோலைக் கொண்டுவருகிற மாதிரி இரு கையிலும் ஏந்தி வந்தான்.

“அதே பம்பு” என்றான்.

தாலாய் அந்தப் பம்பையே பார்த்தார்.

முதலில் உன் கையைக் கொடு என்றாள் அக்கா அவரிடம். பட்டையைச் சுற்றி, நாடித்துடிப்பு நிற்கும்வரை காற்றடித்து, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் விட்டார்கள். தாலாயின் கை சிவந்தது, மரத்தது. வாயிலிருந்து நாலைந்து கெட்ட வார்த்தைகள் வந்தன. விரல்கள் விரல்களாகவே இருந்தன.

பிறகு பெர்மெத். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. ஒன்றரை நிமிஷத்தில் கட்டைவிரல் மெல்ல உள்ளே போனது, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல. மற்ற நாலும் நீண்டு, ஒட்டி, குவிந்தன. மணிக்கட்டு தொங்கியது. அவள் மற்றக் கையால் அதை விரிக்கப் பார்த்தாள், விரியவில்லை. வலியில் கண்ணில் நீர் வந்தது, சத்தம் வரவில்லை. மருமகள்கள் சத்தமில்லாமல் அழப் பழகியவர்கள்.

வாசலில் வந்து நின்ற சோனுன், அதே கைதான் என்றாள், தன்னையறியாமல்.

காற்றை இறக்கிவிட்டு, அக்கா தாலாய்க்கு விளங்கச் சொன்னாள்.

“இரத்தத்துல கொஞ்சம் சுண்ணாம்பு ஓடணும், தம்பி. கால்சியம்னு சொல்றாங்களே, அது. கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. கழுத்துல, கழலைக்குப் பின்னாடி, அரிசி மணி மாதிரி நாலு காவக்காரங்க உக்காந்து அதைக் காவல் காக்கிறாங்க. குறைஞ்சா எலும்புலருந்து கடன் வாங்கிப் போடுவாங்க. இவளுக்குக் கழலையை அறுக்கும்போது காவக்காரங்களையும் சேத்து அறுத்துட்டான். இனி ஆயுசுக்கும் மாத்திரையா உள்ளே போனாத்தான் உண்டு. போகலைன்னா நரம்பு வெறி பிடிச்சு இழுக்கும். இன்னைக்குக் கை. நாளைக்குத் தொண்டை. அப்புறம் மூச்சு.”

“அந்தப் பசு?” என்று கேட்டார் தாலாய். எதற்குக் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“அதுவும் இதுதான். கன்னு போட்டதும் இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் பாலுக்குக் கொடுத்துட்டு, தான் கட்டையா விழுந்துடும். காது சில்லிட்டுப் போகும், கழுத்து மடங்கிடும். செத்துட்டதுன்னு கத்தி தீட்டுவாங்க. மடியில காத்தடிச்சா பால் ஊறுறது நிக்கும், போன சுண்ணாம்பு ரத்தத்துக்குத் திரும்பும். மாட்டுக்கு மடியில மிச்சம் இருந்துச்சு. இவளுக்கு எங்கே இருக்கு?”

செவிலி ‘சூடான ஊசி’யை ஏற்றினாள். அரிப்புக்கும் தடிப்புக்கும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுக்கொண்ட கால்சியம் ஊசிதான். மெதுவாக ஏற்றினால் உடம்பெல்லாம் சூடு பரவும். ஊசி பாதி இறங்கும்போதே பெர்மெத்தின் உதட்டுத் துடிப்பு அடங்கியது.

தாலாய் விடவில்லை. நோய்க்காரி என்றே வைத்துக்கொள்வோம். மாத்திரை வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே, வெள்ளை வெள்ளை என்று மர்மம் பேசுவானேன் என்றார்.

அதற்கு ஜிபார் அக்கா பெர்மெத்திடம் கேட்கவில்லை. தாலாயிடமே கேட்டாள்.

“செத்துப்போன உங்க அண்ணன், இவ மாமனார், பேரு என்ன?”

“போரோன்பாய். ஊருக்கே தெரியும்.”

சகின்பேக் நோயாளிகள் வரிசை எண் எழுதும் கரும்பலகையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக் கேப்டனின் மூக்குக்கு நேரே நீட்டினான். “இது என்ன?”

“போர்” என்றார் தாலாய். அந்த ஊர்ப் பேச்சில் சாக்குக்கட்டிக்கு அதுதான் பெயர்.

சொன்ன வாய் அப்படியே நின்றது.

புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெயரை மட்டும் இல்லை, பெயரில் ஒட்டியிருக்கிற சொல்லையும். ஓநாய் பெயர் வைத்த மாமனார் இருந்தால் ஓநாய்க்கு ‘ஊளையிடுவது’ என்று பெயர். தாலாயின் மனைவி பதினெட்டு வருஷமாக இரும்பை ‘கறுப்பு’ என்றுதான் சொல்கிறாள், அவர் அப்பா பெயரில் இரும்பு இருப்பதால். நகரத்து டாக்டர் அவசரத்தில், இது வெறும் சாக்குக்கட்டி மாத்திரைதான், ஆனால் ஒருநாளும் நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெர்மெத்துக்கு அந்த மருந்துக்கு வேறு பெயர் தெரியாது. சின்ன மாமனார் பேனாவோடு முன்னால் உட்கார்ந்து மருந்தின் பெயரைக் கேட்கும்போது, அவள் வேறு எப்படிச் சொல்வாள்? வெள்ளை என்றாள். அவரும் எழுதினார், பெரிய எழுத்தில்.

“சிறைக்குப் போனாலும் போவா, மாமனார் பேரைச் சொல்ல மாட்டா” என்றான் சகின்பேக். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

மணி மூன்றே கால்.

தாலாய்க்கு ஒரே ஒரு பிடி மிச்சமிருந்தது. இவள் வைக்கவில்லை என்றால் உள்ளே கிடக்கிறவளுக்கு விஷம் வைத்தது யார்?

ஜிபார் அக்கா வினிகர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலோரம் சோனுன் வைத்துவிட்டு வந்த பால் கிண்ணம் இருந்தது. பால் தீர்ந்து, அடியில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. பால் அப்படிக் கோலமாவுபோலப் படியாது. அக்கா நாலு சொட்டு விட்டாள்.

கிண்ணம் புஸ்ஸென்று நுரைத்தது.

“உன் பொட்டலத்துல பொங்கின அதே விஷம், கேப்டன்” என்றாள். “இதை மூணு நாளா ஊட்டுறது யாருன்னு இந்த அறையில எல்லாருக்கும் தெரியும்.”

சோனுன் ஓடவில்லை, கத்தவும் இல்லை. அவளுக்கு விளங்கவே இல்லை. தானாகவே தன் பையைத் திறந்து, பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும், மஞ்சள் உருண்டைகள் நிறைந்த சின்ன டப்பா ஒன்றையும் எடுத்துக் காட்டினாள். அம்மாவுக்கு மருந்துதானே கொடுத்தேன் என்றாள். இரண்டிலும், அவளுடைய அண்ணன், பெர்மெத்தின் புருஷன், ரஷ்யாவிலிருந்து தன் கையால் எழுதி ஒட்டியிருந்தான்: பெர்மெத்துக்கு. தினமும். மறக்காதே.

மாதாமாதம் வந்த பொட்டலங்கள். வீட்டுக்கு வருகிற எந்தப் பொட்டலமும் முதலில் மாமியார் மடிக்குத்தான் போகும், அங்கிருந்து பெட்டிக்கு, பெட்டியின் சாவி ஊல்கானின் கழுத்தில். எலும்புக்கு வலுவான மருந்து என்று கேள்விப்பட்டதும், முட்டி வலிக்கிற பெரியவளை விட்டுவிட்டு எலும்பு முற்றாத சிறுக்கிக்கு எதற்கு என்று ஊல்கான் தானே விழுங்கினாள். தாராள மனசு அவளுக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மருமகளுக்கு ஒன்று கொடுப்பாள், தர்மம் மாதிரி. மஞ்சள் உருண்டைகள் வைட்டமின் டி; அவை சுண்ணாம்புக்குக் குடலின் கதவைத் திறந்துவிட, அது இரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. தாகம், வாந்தி, புத்தி மாறாட்டம். அவள் சோர்ந்துபோனதைப் பார்த்த மகள், பாசத்தில், மாத்திரையை இரண்டு மடங்காக்கினாள். படுக்கையில் விழுந்ததும் பொடித்துப் பாலில் கலந்தாள். இங்கே வந்தும் நிறுத்தவில்லை.

ஒருத்தி இல்லாமல் சுவரை நக்கினாள். ஒருத்தி அதிகமாகித் தன் பெயரை மறந்தாள். இரண்டுக்கும் டப்பா ஒன்றுதான்.

“இன்னும் எத்தனை வேளை போயிருந்தா…” என்று ஆரம்பித்தாள் சோனுன்.

“ரெண்டு” என்றாள் ஜிபார் அக்கா. பொய்யாகவும் இருக்கலாம். சோனுன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலை நிறுத்தி, உப்புநீரை நரம்பு வழியே ஏற்றச் சொன்னாள் அக்கா, நிற்காமல். செவிலி தொலைபேசியில் டாக்டரைப் பிடித்தாள். அவரும் அதையே சொல்லி, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். மாட்டு டாக்டர் என்றதும் போனை வைத்துவிட்டார். நாலு மணிக்கு வந்த சிறை வண்டி யாரையும் ஏற்றாமல் திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் காலை ஊல்கான் கண்ணைத் திறந்தாள். மகள் அழுதாள், செவிலி கைதட்டினாள். தலைமாட்டில், மூன்று நாளும் விலகாமல் படுக்கை மாற்றித் துணி அலசிக்கொண்டிருந்த பெர்மெத் நின்றாள். ஊல்கான் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள்.

“என் பெட்டிச் சாவி எங்கே?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். துணி மாற்றும்போது கழற்றி வைத்த சாவியைப் பெர்மெத் தன் பையிலிருந்து எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிறகு வெளியே வந்து, கேப்டனின் மேசைக்கு முன்னால், முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

சோனுன் பின்னாலேயே வந்து, நடந்தது நடந்துவிட்டது, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவை, அம்மாவுக்குத் தேநீர் வேண்டும் என்றாள். மன்னிப்பு என்ற சொல் அவள் மாமனாரின் பெயரில் இருந்ததோ என்னவோ, வாயில் வரவில்லை.

புது வாக்குமூலம் எழுத வேண்டும் என்றாள் பெர்மெத். தாலாய் பேனாவை எடுத்தார்.

“நான் கேட்டது போர்” என்றாள் அவள். “எழுதுங்க. போர். போரோன்பாய் வீட்டு மருமக, போரோன்பாய் வீட்டுத் தொழுவத்துல, போரோன்பாய் அடிச்ச சுவரை நக்கினேன். ஏழு மாசம்.”

சோனுன் காதைப் பொத்திக்கொண்டாள். தாலாய் எழுதினார், ஒவ்வொரு பெயரையும். கையெழுத்துப் போட விரல்கள் விரிந்து கொடுத்தன. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெர்மெத் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். தன் தாய் வீடு எந்தப் பள்ளத்தாக்கில் என்று ஜிபார் அக்காவிடம் சொன்னாள். அங்கே தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒன்றும் கேட்காமல் ஜீப்பின் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

போகும்முன் பெர்மெத் திரும்பி நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தப் பழைய தாள் என்ன ஆகும்?

கோப்பில் இருக்கும், அது விதி என்றார் தாலாய். சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தார். ‘வெள்ளை’ என்ற சொல்லுக்கு அடியில் அவரே இரண்டு கோடு போட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த இன்னொரு தாளும் இதே மாதிரிதான், ஒரு சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. அந்தக் கோடு போட்டவரிடமிருந்துதான் அவர் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்.

தாளை நாலாகக் கிழித்தார். போதாதென்று எட்டாகக் கிழித்தார். மிச்ச வினிகரையும் அதன் மேல் ஊற்றினார். அது பொங்கவில்லை, மை மட்டும் கரைந்தது.

வெளியே சகின்பேக் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, பெர்மெத்துக்குப் பசுக் கதையைத் தொடங்கிவிட்டிருந்தான். மூன்று மலை இப்போது ஐந்து மலையாகியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டாள். தாலாய் வாசலுக்கு வந்து ஜீப்பின் கதவில் கை வைத்தார்.

“மலையெல்லாம் பொய்” என்றார்.

“கேப்டன் எப்பவும் இப்படித்தான்” என்றான் சகின்பேக். “நம்ப மாட்டாரு.”

“அந்த மாட்டைக் கறந்தது எங்கம்மா. பண்ணைக் காவல் அதிகாரி எங்கப்பா. மாடு விழுந்ததும், அவதான் என்னமோ கொடுத்துட்டான்னு அவரே எழுதினாரு. ‘விஷம்’னு எழுதி அடியில ரெண்டு கோடு. அப்புறம் அந்தத் தாளை யாரும் கிழிக்கலை. கறக்குற வேலை போச்சு. சாகுற வரைக்கும் அந்தப் பசுக் கதையை என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தா. நான் பொய்னேன். அது எந்திரிச்சதுன்னு ஆனா, எங்கப்பா எழுதினது என்ன ஆகும்?”

சகின்பேக் கியரில் வைத்த கையை எடுத்தான். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஜிபார் அக்கா பின் இருக்கையில் பம்பை மடியில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்தாள்.

தாலாய் கதவிலிருந்து கையை எடுத்தார்.

“எந்திரிச்சுது” என்றார்.